ரயில்வே சம்பளமும் ராஜபார்ட்டும்

1905-ஆம் ஆண்டு. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்த 22 வயது இளைஞர் ஒருவர், ஊருக்கு வந்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் விசித்திரமான பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். விற்றவர் பெயர் துபோன். இலங்கையில் படம் காட்டிவிட்டுத் திருச்சிக்கு வந்தவர். வந்த இடத்தில் உடம்பு முடியாமல் போகவே, சினிமா இயந்திரத்தையும் படச் சுருள்களையும் கைமாற்றிவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். விலை 2,000 ரூபாய்க்குக் குறையவில்லை. வாங்கிய இளைஞரின் சம்பளம் மாதம் 25 ரூபாய் என்பார்கள். அப்படியானால் ஆறேழு வருடச் சம்பளத்தை ஒரு பெட்டிக்காகக் கொட்டிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் சாமிக்கண்ணு வின்சென்ட். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் துண்டுப் படங்களோடு திருச்சியில் தொடங்கியவர், ரயில்வே வேலையை உதறிவிட்டு, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1909-ல் சென்னை எஸ்பிளனேடில் கொட்டகை போட்டார். 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரையே கட்டினார். 1933-ல் வந்த ‘வள்ளி திருமணம்’ பேசும் படத்திலும் அவர் பணம் இருந்தது. டூரிங் சினிமா நடத்திய முதல் தென்னிந்தியர் என்று வரலாறு எழுதுகிறவர்கள் இவரைத்தான் சொல்கிறார்கள். கோவைக்காரர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரராகக் கொண்டாடுவதில் நியாயம் உண்டு, பிறந்ததும் கோவைதான். ஆனால் பெட்டி கைமாறிய இடம் திருச்சி. அதை வாங்கியவர் கையில் இருந்தது ரயில்வே சம்பளம்.

இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் வெகுஜனக் கலை என்றால் கோயிலையும் ஜமீனையும் சொல்லிவிட்டு நேரே கோடம்பாக்கத்துக்குத் தாவுவது வழக்கம். நடுவில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. மாதம் தவறாமல் கைக்கு வரும் சம்பளம், இத்தனை மணிக்கு வேலை முடியும் என்ற நிச்சயம், சீன் திரைகளையும் ஹார்மோனியத்தையும் நடிகர்களையும் ஒரே ராத்திரியில் அடுத்த ஊரில் இறக்கிவிடும் வண்டி, கலையில் பித்துப் பிடித்த அதிகாரிகள் நாலு பேர். இவை எல்லாம் ஒரே ஊரில் சேர்ந்தது திருச்சியில்.

அதற்கு முன் இந்தப் பக்கத்தில் கூத்தும் பாட்டும் இல்லாமலில்லை. காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே மார்கழி அத்யயன உற்சவத்தில், பகல் பத்திலும் இராப் பத்திலும், கூம்புத் தொப்பி அணிந்து கையில் தாளத்தோடு அரையர்கள் பாசுரத்தைப் பாடி அபிநயித்து விளக்கம் சொல்லும் அரையர் சேவை நடக்கிறது. நாதமுனிகள் காலத்திலிருந்து வருவது என்பது வைணவ மரபு. இரணிய வதத்தை அரையர் நடித்துக் காட்டுவதைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடிக்கும். தாயார் சன்னதிக்கு எதிரே உள்ள மண்டபத்தில்தான் கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றினார் என்றும், அப்போது மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆமோதித்தார் என்றும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். ஆக, ரசிகருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கலைக்கு நாள் குறித்தது பஞ்சாங்கம். யார் எங்கே நின்று பார்க்கலாம் என்பதைச் சாதி குறித்தது. டிக்கெட் வந்தபோது மாறியது அதுதான். காலணா அரையணா கொடுத்தால் தரையில் உட்காரலாம், கூடக் கொடுத்தால் பெஞ்சு. கொட்டகையிலும் வித்தியாசம் இருந்தது. ஆனால் அதைக் காசு தீர்மானித்தது.

டிக்கெட் நாடகத்துக்கு வழி காட்டியவை பார்சி கம்பெனிகள். பம்பாயிலிருந்து கிளம்பிய அந்தக் குழுக்கள் வண்ணத் திரைகளையும் ஹார்மோனியத்தையும் இந்துஸ்தானி மெட்டுகளையும் தமிழ் மண்ணில் இறக்கிவிட்டுப் போயின. அவை இங்கே மட்டும் வரவில்லை. கடல் தாண்டிப் பினாங்கிலும் கொட்டகை போட்டன. அதைப் பார்த்து மலாய்க்காரர்கள் பங்சாவான் நாடகத்தை உண்டாக்கினார்கள். ஜாவாவின் சுரபாயா நகரில் 1891-ல் ஆகஸ்ட் மாஹியூ ‘கொமெடி ஸ்தாம்புல்’ என்ற குழுவைத் தொடங்கி, ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை மலாய் மொழியில் பாட்டும் ஆட்டமுமாகப் போட்டார். இன்றைய இந்தோனேசியப் பொழுதுபோக்கின் வேர் தேடுகிறவர்கள் அந்த ஆண்டில் வந்து நிற்பார்கள். அங்கேயும் துறைமுகம், ரயில், மாதச் சம்பளக் கும்பல். ஊர்தான் வேறு.

திருச்சியின் கும்பலுக்கு ஒரு முகவரி கிடைத்தது 1914-ல். ரசிக ரஞ்சனி சபா என்றும் ரசிக ரஞ்சன சபா என்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்பட்டு, கடைசியில் எல்லோருக்கும் ஆர்.ஆர்.சபா ஆகிவிட்டது. அதைத் தோற்றுவித்த எஃப்.ஜி.நடேசய்யர் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி. பகலில் கோட்டும் தலைப்பாகையுமாக ஆபீஸ்; சாயங்காலம் ஒத்திகை. தமிழ் நாடகமும் ஆடினார், ஷேக்ஸ்பியரையும் ஆடினார். தொழில் முறை நாடகக்காரனைத் திண்ணையில்கூட உட்கார வைக்க யோசித்த காலத்தில், ஓர் உத்தியோகஸ்தர் அரிதாரம் பூசி மேடையேறினால் அதன் பலன் நாடகத்தோடு நிற்காது. ‘கூத்தாடி’ என்ற வசைச் சொல்லின் முனையும் கொஞ்சம் மழுங்கும்.

நடேசய்யருக்குக் காது நன்றாக இருந்தது. ரயிலில் பாடிய ஏழைச் சிறுமியின் குரலைக் கேட்டு நின்றார், அவர்தான் பின்னாளில் கே.பி.சுந்தராம்பாள் என்பது பலரும் சொல்லும் கதை. கதை சொல்கிறவருக்குத் தகுந்தபடி வயதும் இடமும் மாறும். இன்னொரு கண்டுபிடிப்பில் அவ்வளவு குழப்பமில்லை. மாயவரத்தில் 1910-ல் பிறந்து, குடும்பத்தோடு திருச்சிக்கு வந்த ஒரு பொற்கொல்லர் வீட்டுப் பையன், படிப்பு ஏறாமல் பாட்டுப் பைத்தியமாகத் திரிந்தான். தகப்பனார் கண்டித்ததும் கடப்பாவுக்கு ஓடிப்போனான். தேடிப் போனவர் அங்கே கண்டது, கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும் மகனை. அழைத்து வந்தார், அதற்குப் பிறகு பாட்டைத் தடுக்கவில்லை. நடேசய்யர் அந்தப் பையனை ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசன் ஆக்கினார். மதுரை பொன்னு ஐயங்காரிடம் சங்கீதம் கற்க வழி செய்தார். எம்.கே.தியாகராஜ பாகவதர் உருவானது இப்படி.

பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் மேடையில் ஆடிய ‘பவளக்கொடி’ நாடகம், கே.சுப்ரமணியம் இயக்கத்தில் 1934-ல் படமானது. பத்து வருடத்தில் பாகவதர் எங்கே போனார் என்பதற்கு ஒரே சாட்சி போதும்: 1944-ல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அந்த முதல் தீபாவளி கழிந்த சில வாரங்களிலேயே, மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு. 1947 ஏப்ரலில் விடுதலை. சிறைக்குப் போனபோது இருந்த சினிமா, வெளியே வந்தபோது இல்லை. பாடத் தெரிந்தவன் நடித்த காலம் போய், பேசத் தெரிந்தவன் நடிக்கும் காலம் வந்திருந்தது. மொத்தம் 14 படங்கள்.

நடேசய்யரே ஒருமுறை திரைக்குப் போனார். 1938-ல் வந்த ‘சேவாசதனம்’ படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்குக் கிழக் கணவர். ஐம்பது வயதைத் தாண்டிய ரயில்வே அதிகாரிக்கு அந்த வேஷம் பொருந்தியதில் வியப்பில்லை.

இதுவரை சொன்னது மேட்டுக்குடிச் சபா. ரயில்வேக்கு இன்னொரு பக்கம் உண்டு. நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1920-களின் கடைசியில் பொன்மலைக்குப் பெயர்ந்து வந்தது. அதோடு ஆயிரக்கணக்கான தொழிலாளிகள், வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ், சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் வீடு திரும்பும் வாழ்க்கை. சங்கம் வைத்துப் போராடிய கூட்டம் அது. 1946 செப்டம்பர் 5 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேரைப் பறிகொடுத்தது. அந்த ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு, ராத்திரி கூத்துக்கும் நாடகத்துக்கும் போனார்கள்.

பொன்மலைக்கும் பாலக்கரைக்கும் இடைப்பட்ட சங்கிலியாண்டபுரத்தில், அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பல வருடங்கள் முன்பே, ஒரு சிறுவன் வளர்ந்தான். தகப்பனார் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் திருச்சிக்கு வந்திருந்தது. தெருவில் போட்ட கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு, தானும் நடிகனாக வேண்டும் என்று அவன் முடிவு கட்டினான். திருச்சியில் முகாமிட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று பொய் சொல்லிச் சேர்ந்தான். பக்கத்து வீட்டுத் தோழன் காகா ராதாகிருஷ்ணனும் அதே கம்பெனி. பெண் வேஷத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ராஜபார்ட் வரை ஏறிய வி.சி.கணேசன், 1946-ல் அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய மன்னனாக நின்றபோது பெரியார் வாயால் சிவாஜி கணேசன் ஆனார். சங்கிலியாண்டபுரத்துத் தெருவில் பார்த்த கூத்து, 1957-ல் அவர் நாடகமானது. 1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படமானது. மறு வருடம் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் பரிசும் வாங்கித் தந்தது. கூத்துப் போட்ட கலைஞர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து வந்த இன்னொருவர், தேவர் ஹால் மேடையில் திருச்சிக்காரர்களைச் சிரிக்கவும் பதறவும் வைத்த எம்.ஆர்.ராதா. அன்றைய செய்தித்தாளில் வந்ததை அன்று மாலையே வசனத்தில் சேர்த்துவிடுவார் என்பதால், ஒரே நாடகத்தை நாலு தடவை பார்த்தவர்கள் உண்டு. திருவாரூர் தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ 1954-ல் படமாக வந்தது. அதே வருடம் அரசாங்கம் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் குறி வைத்தது யாரை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ராதா கடைசி வரை திருச்சியை விடவில்லை. 1979-ல் அவர் உயிர் பிரிந்ததும் இங்கேதான்.

இதற்கிடையில் மேடைக்கு ஒரு போட்டியும் வந்திருந்தது: 1939 மே 16-ஆம் தேதி திருச்சியில் வானொலி நிலையம் தொடங்கியது. சென்னை நிலையத்துக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. ரேடியோப் பெட்டி பணக்கார வீட்டுப் பொருள். மற்றவர்களுக்கு முனிசிபல் பூங்கா ஒலிபெருக்கி. கச்சேரிக்கும் நாடகத்துக்கும் சபா வாசலில் நின்ற கூட்டம் பூங்காப் புல்லில் வந்து உட்கார்ந்தது. டிக்கெட்டும் கிடையாது. டெல்டா விவசாயியின் காதில் ரேடியோ எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு நெல் சாட்சி. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது ரகத்தைத் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி விடாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

நெல்லைத் தாராளமாக விற்ற வானொலி, சினிமாப் பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் காட்டியது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று நினைத்தார். கேட்கிறவர்கள் முள்ளைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-ல் விவித் பாரதி வந்ததே அந்தக் கூட்டத்தைத் திரும்ப அழைக்கத்தான். கேஸ்கர் பயந்த அதே இந்திப் படப் பாட்டுகளை இந்தோனேசியர்கள் ஆசையாகக் கேட்டார்கள். தபேலா ஒலியையே பெயராகக் கொண்ட ‘டாங்டுட்’ இசை அங்கே பிறந்து, 1970-களில் பாடகர் ரோமா இராமா கையில் நாட்டையே ஆட்டியது. மந்திரி ஒருவர் நல்ல சங்கீதம் எது என்று தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பதைச் சங்கீதத்திடமே விட்டுவிடலாம்.

திருச்சி நிலையத்தில் எழுதவும் பேசவும் வந்து போன இளைஞர்களில் ஸ்ரீரங்கத்து டி.எஸ்.ரங்கராஜன் ஒருவர். ஓவியர் மாலியைப் போல வரவேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு, அந்த ஓசைக்கு இணையாக நண்பர் ஒருவர் வைத்த பெயர் வாலி. ‘நேதாஜி’ என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி. முருகன் மேல் எழுதிய ஒரு பாட்டைத் தபால் கார்டில் டி.எம்.சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். டி.எம்.எஸ். அதைப் பாடவே, கார்டுக்குப் பின்னால் ஆளும் சென்னைக்குப் போனார். 1958-ல் முதல் படம். 1963-ல் ‘கற்பகம்’ வரும் வரை பட்டினி பழக்கமானது. அதற்கு முன்பே திருச்சி லோகநாதன் பட்டணம் போய், ‘மந்திரி குமாரி’, ‘மாயாபஜார்’ பாட்டுகளால் வீடு வீடாகத் தெரிந்த குரலாகியிருந்தார். ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போன ரகம்.

ஸ்ரீரங்கத்தில் இன்னொரு ரங்கராஜனும் இருந்தார். பாட்டி வீட்டில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அவருடைய முதல் கதை 1953-ல், திருச்சியிலிருந்து திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ பத்திரிகையில் வந்தது. எஸ்.ரங்கராஜன் சுஜாதா ஆனதும், கீழச் சித்திரை வீதியும் ரங்கராஜா கொட்டகையும் கிரிக்கெட் ஆடும் பையன்களும் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த சமாசாரங்கள் ஆனதும் பிற்பாடு. மடிசார் மாமிகளும் தேங்காய் மூடிக் கச்சேரியுமாகக் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்த ஊரை, அவர் வாரப் பத்திரிகை வாசகனின் பக்கத்துத் தெருவாக்கினார். 2008-ல் வந்த ‘தசாவதாரம்’ படத்தின் தொடக்கக் காட்சியில் விஷ்ணுவைத் தவிர வேறு யாரையும் வணங்க மாட்டேன் என்று சாகும் பாத்திரத்தின் பெயர் ரங்கராஜன் நம்பி. அந்தக் காட்சிக்குப் பாட்டு எழுதியது வாலி. ஒரு ரங்கராஜனுக்கு இன்னொரு ரங்கராஜன் வார்த்தை எடுத்துக் கொடுத்த மாதிரி. சுஜாதா அந்த வருடம் பிப்ரவரியிலேயே போய்விட்டார்.

சினிமாவும் ஸ்ரீரங்கத்துக்குத் திருப்பிக் கொடுத்ததுண்டு. பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற ராஜகோபுரம், 236 அடி உயரத்துக்கு எழும்பி 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்குக் கண்டது. பதின்மூன்று நிலைகளில் ஒன்றைக் கட்டும் செலவை ஏற்றவர் இளையராஜா.

காவிரிக்கு இந்தப் பக்கம் திருச்சி வேறு வேலையில் இறங்கியிருந்தது. படம் எடுக்கும் இடம் சென்னை. திருச்சி படம் ஓட்டும் இடம். விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டைக் கூறு போட்டபோது திருச்சியும் தஞ்சாவூரும் சேர்ந்து ‘டி.டி. ஏரியா’ ஆயிற்று. பட வியாபாரத்தில் அந்தச் சொல் இன்றும் புழங்குகிறது. கெயிட்டி, வெலிங்டன், ஜூபிடர், ராஜா, பிரபாத், முருகன், பிறகு மாரிஸ், சோனா மீனா என்று தலைமுறைக்குத் தலைமுறை கொட்டகைகள் மாறின. எந்தப் படத்தை எங்கே பார்த்தோம் என்பதை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம். பாலக்கரையில் பிரபாத் ரவுண்டானா என்று இன்றும் வழி சொல்கிறார்கள்.

கல்லூரிகளையும் விட்டுவிடக் கூடாது. செயின்ட் ஜோசப்பில் பட்டம் வாங்கிய திருச்சிப் பையன் அந்தோணி, எஸ்.ஏ.அசோகனாக எம்.ஜி.ஆருக்கு எதிரே வில்லனாக நின்றார். கோலாலம்பூரில் பிறந்து ஜமால் முகமது கல்லூரிக்குப் படிக்க வந்தவர் ரவிச்சந்திரன். ஸ்ரீதர் கண்ணில் பட்டு 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’ கதாநாயகன் ஆனார். இந்த வழி இன்னும் அடைபடவில்லை. ஜே.ஜே. பொறியியல் கல்லூரியில் படித்த சிவகார்த்திகேயன், மிமிக்ரி செய்துகொண்டே விஜய் டி.வி.யின் ‘கலக்கப்போவது யாரு’ மேடை ஏறி, 2012-ல் ‘மெரினா’ வழியாகச் சினிமாவுக்குப் போனார். நடேசய்யர் இடத்தில் டெலிவிஷன் ஜட்ஜுகள் உட்கார்ந்திருந்தார்கள்.

போன இடமெல்லாம் சென்னை. ரயில்வேயே அதைத்தான் செய்தது. தென்னிந்திய ரயில்வே 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயில் கரைந்தபோது தலைமை அலுவலகம் சென்னையில் அமைந்தது. திருச்சிக்குக் கோட்டமும் பொன்மலைப் பட்டறையும் மிஞ்சின. ராத்திரி ஏறினால் விடிகாலையில் எழும்பூரில் இறக்கிவிடும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எத்தனை பேர் புகைப்பட ஆல்பத்தோடு போனார்கள், அவர்களில் எத்தனை பேர் கையை விரித்துக்கொண்டு திரும்பினார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

திரும்பி வந்தவர்களில் பாகவதரும் ஒருவர். 1959 மே மாதம் ‘கட்டபொம்மன்’ வெளியாகித் திருச்சிக் கொட்டகைகளில் வசனத்துக்கு வசனம் கைதட்டல் விழுந்துகொண்டிருந்தது. அந்த நவம்பர் 1-ஆம் தேதி சென்னை அரசு மருத்துவமனையில் பாகவதர் இறந்தார். வயது 49. தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று ஊர் பேசிய மனிதருக்குக் கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கி, கையிருப்பும் கரைந்திருந்தது. உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். அடக்கம் செய்த இடம் சங்கிலியாண்டபுரம். சிறுவன் கணேசன் கூத்துப் பார்த்து நின்ற அதே பேட்டை.